இடது கைக்கு ஒரு கத்தி

கடை மேஜைமேல் இரண்டு மடக்குக்கத்திகள் பளபளக்கின்றன. மரமேறிக் கிளை வெட்டுகிறவள், இடது கையில் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு கண்களை மூடுகிறாள். வலது கை விரல்களில் ஆறிய தழும்பு; அவை இன்னும் சரியாக மடங்குவதில்லை. போன மாதம் ஐம்பதடி உயரத்தில் கயிறு அறுக்கும்போது, பழைய கத்தியின் பூட்டு விட்டு அலகு மடங்கியதில் கிடைத்தது. முதல் கத்தி கட்டைவிரலுக்கு வழுக்குகிறது. இரண்டாவது திறக்கிறது, அதன் முதுகை மேஜையில் ஓங்கி அடித்ததும் மடங்கிவிடுகிறது. “யம்மா, கண்ணை மூடிட்டு எவன் கத்தி திறப்பான்?” என்கிறார் கடைக்காரர். “மரத்தூள் கண்ணுல கொட்டினா நீங்களும் இப்படித்தாண்ணே திறப்பீங்க.” அவள் மரமேறும்போது கீழே நின்று கயிறு பிடிக்கும் புருஷன், பக்கத்திலிருந்து முணுமுணுக்கிறான்: “நாளைக்கு நான் ஏறிக்கறேன்டி.” “ஸ்டூல்ல ஏறினாலே உனக்கு வேர்த்துக் கொட்டுது. போய்யா!” கடைக்காரர் அடித்தட்டிலிருந்து அழகே இல்லாத ஒரு கறுப்புக் கத்தியை எடுத்துத் தருகிறார். கட்டைவிரல் தள்ளுகிறது. டக்! முதுகில் ஓர் அடி, இன்னோர் அடி. அலகு அசையவில்லை. கண்ணைத் திறந்து சிரிக்கிறாள். புருஷன் அதை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தன் பலமெல்லாம் திரட்டி ஓர் அடி அடிக்கிறான். நிமிர்ந்தே நிற்கும் அலகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடக்கி அவள் கையில் வைக்கிறான். “காலைல ஆறு மணிக்கே கிளம்பணும். என்னை எழுப்ப வைக்காதேடி.”