எட்டுப் புள்ளி

கூண்டில் ஏறியதுமே ஆமாங்கய்யா என்று சொல்ல அவன் வாயைத் திறந்துவிட்டான்.

நடுவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

கீழே நின்ற வக்கீல் தொண்டையைக் கனைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பழக்க தோஷம். இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறான். கோர்ட்டில் இந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும், மத்தியானத்துக்குள் வண்டி எடுக்கலாம். இல்லை என்றால் வாய்தா. வாய்தாவுக்கு அலைகிறவன் லோடு ஏற்ற முடியாது.

செய்யாததற்கும் ஆமாம்தான்.

சித்திரையில் முதலாளி ஏற்றச் சொன்ன அதிக பாரத்துக்கு ஆமாம் என்றான். ஆடியில், அதே முதலாளியிடம் லாரி ஓட்டும் பால்சாமி சிவப்பு விளக்கைத் தாண்டினான். கோர்ட் தேதியன்று பால்சாமிக்குக் கோயம்புத்தூர் லோடு. வண்டி ஓட்டியவன் என்று முதலாளி இவன் பெயரைக் கொடுத்தார். இவனே போய் ஆமாம் சொல்லிவிட்டு வந்தான். ஷெட்டில் இது காலங்காலமாக நடப்பது, யாரும் தப்பாக நினைப்பதில்லை.

புது விதி வந்திருப்பதையும் அங்கே ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு ஆமாமுக்கும் லைசென்ஸில் புள்ளி ஏறும். பன்னிரண்டைத் தொட்டால் லைசென்ஸ் போய்விடும்.

இன்று காலை வக்கீல்தான் போனில் காட்டினார். அவன் பெயருக்கு நேரே எட்டு.

இந்த வழக்குக்கு ஆறு.

இதைச் செய்தது அவன்தான்.

மார்க்கெட் வாசலில் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். ஜெசிந்தாவின் வலது கால் சக்கரத்துக்கு அடியில் போனது. தையல் வேலை செய்கிறவள். மிஷினை மிதிக்கிற கால்.

பெரியாஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். யாரும் கேட்காமலே, தப்பு என்னுடையது, கோர்ட்டில் ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னான். டிரைவர் ஒத்துக்கொண்டால் நஷ்ட ஈடு இழுத்தடிக்காமல் கிடைக்கும் என்று வார்டில் எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள்.

அதை நம்பித்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மாடி ஏற முடியாமல் கீழே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அவன் உள்ளே வரும்போது பார்த்துக் கும்பிட்டாள்.

நடுவர் படித்தார். கவனக்குறைவாக வாகனம் ஓட்டிக் காயம் ஏற்படுத்தியது. ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது. லைசென்ஸ் இல்லாதவனை ஷெட்டில் டீ வாங்கக்கூட அனுப்பமாட்டார்கள்.

"இல்லீங்கய்யா."

பழக்கமில்லாததால் குரல் சத்தமாக வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. நடுவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேதி போட்டார். அடிபட்ட பெண்ணுக்குச் சாட்சி சம்மன் போகும் என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே போக ஒரே வழிதான். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அவள் கட்டையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாண்ணே?"

அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்லாயிருங்கண்ணே. எங்க வீட்டுக்காரருதேன் நம்பல. லாரிக்காரன் கோர்ட்டுல மாத்திப் பேசிருவான்னாரு."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். நாலு நாளில் சம்மன் போய்விடும், அதுவே சொல்லட்டும் என்றும் நினைத்தான். தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"ஒரு கை குடுங்கண்ணே, பஸ்ஸு வரைக்கும்."

அவன் கையை நீட்டினான்.

அவள் தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டு நடக்க ஆரம்பித்தாள்.