காகிதம் சுடுகிறவன்

"என் பையனுக்குத் துப்பாக்கி வித்தது யாரு? நீயா?"

உள்ளே வந்த பெண், நீளமான துப்பாக்கி உறையைக் கண்ணாடி மேசைமேல் பொத்தென்று போட்டாள். டோபின் கையிலிருந்த காபி தளும்பியது.

அவன் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து இந்த மலையடிவார ஊருக்கும் புதிது, இந்தத் துப்பாக்கிக் கடைக்கும் புதிது. சேர்த்துக்கொள்ளும்போதே முதலாளி ராய்ஸ் சொல்லியிருந்தார்: "ஆத்துக்கு அக்கரையில இருக்கிற பெரிய கடை பாதி வியாபாரத்தை முழுங்கிடுச்சு. ஒரே ஒரு புகார் வந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல." நேரம் பார்த்து அவரும் சாப்பிடப் போயிருந்தார்.

"நான்தான் மேடம்," என்றான்.

"நீல்ஸ்னு பேரு. ஒல்லியா இருப்பான். முடி கண்ணுல விழும்."

"ஞாபகம் இருக்கு. பத்தொன்பது வயசு. அடையாள அட்டை பார்த்தேன், பின்னணி விசாரணை முடிச்சேன், சட்டப்படி எல்லாம்..."

"சட்டத்தைத் தூக்கி உன் சட்டைப் பையில போடு! நான் அவனைப் பெத்தவ. கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தான். ஒளிக்கிற சாமானா இது?"

உறையைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். தோட்டா அறையைத் திறக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, குண்டு இருக்கிறதா என்று உள்ளே பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைத்தாள். இந்த ஊர்ப் பெண்களுக்கு அது நடை பழகும்போதே வந்துவிடும் போலிருக்கிறது.

"என்ன இது?"

"பாயின்ட் டூ டூ, சின்னத் தோட்டா போடுற ரைபிள். பழசுதான், ஆனா குழல் சுத்தமா இருக்கு."

"பிடிக்கட்டை முழுக்கக் கீறல்! என் பிள்ளையோட முதல் துப்பாக்கி, எவனோ தேய்ச்சுப் போட்டதா?"

"புதுசும் காட்டினேன். அதை வாங்கினா தோட்டாவுக்குக் காசு மிஞ்சாது. சுடாம எப்படிப் பழகுறது? இதுக்குத் தோட்டா மலிவு. சுடும்போது தோளை உதைக்காது. ஆரம்பத்துல உதை வாங்கினா பயந்து கண்ணை மூடுவாங்க, அந்தப் பழக்கம் அப்புறம் போகாது."

"உதைக்கு பயந்தா மலைக்கு வேட்டைக்கு எப்படிப் போவான்? அவங்க அப்பாவோட ரைபிள் சுவத்துல தொங்குது, இவனுக்காகவே! இதை வெச்சு எந்த மானைச் சுடுவான்? முயல்கூடச் சிரிக்கும்!"

"மான் சுட இல்ல மேடம்."

"பின்ன?"

டோபின் தயங்கினான். வாடிக்கையாளர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லலாமா? சொன்னாலும் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும்.

"எதுக்கு வேணும்னு கேட்டேன். குழலைத் தடவிப் பார்த்தார். அப்புறம், 'இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல'ன்னார். எதையும் கொல்லப் பிடிக்கலையாம். காகிதத்துல ஓட்டை போட்டாப் போதுமாம். குறி பார்த்து மூச்சை அடக்குறப்ப மனசு அடங்குதாம்."

"இதை உன்கிட்ட சொன்னானா?" அவள் குரல் கூரையில் இடித்தது. "பெத்தவகிட்ட வாயைத் திறக்க மாட்டான். முகம் தெரியாத கடைக்காரன்கிட்ட மனசைக் கொட்டுவான்!"

"நான் ஏமாத்தல மேடம். அக்கரைக் கடையில இதைவிட மலிவாக் கிடைக்கும்னுகூடச் சொன்னேன். அங்க போகமாட்டேன்னுட்டார்."

அவள் கண்கள் சுருங்கின. "ஏனாம்?"

"அங்க எதுக்குன்னு கேக்கவே மாட்டாங்களாம். மான் சுடுற துப்பாக்கியைத் தூக்கிக் கையில திணிச்சிடுவாங்களாம்."

அவள் ஓங்கி அறைந்த அறையில் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. டோபின் ஓரடி பின்வாங்கினான். முடிந்தது வேலை என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் அறைந்த கை அங்கேயே கிடந்தது.

"போன வருஷம் மான் எதிர்ல வந்து நின்னுது," என்றாள். கோபம் இன்னும் குரலில் இருந்தது. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை. "அவன் சுடல. கை நடுங்குதுன்னு நினைச்சேன். மாமன் மச்சான் எல்லார் முன்னாடியும் கோழைன்னு சொன்னேன்."

"நடுங்குற கை இல்ல மேடம் அது. பின்னால இருக்கிற மைதானத்துல சுட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கினார். காகிதத்துல விழுந்த ஓட்டையெல்லாம் ஒரு நாணயத்துக்குள்ள அடங்கிடும்."

அவள் துப்பாக்கியை உறைக்குள் வைத்தாள். எடுத்ததைவிட மெதுவாக.

"அவன் வாங்கின தோட்டா எது? அதுல ரெண்டு பெட்டி எடு. முறைக்காத, எடு! காதுக்கு மாட்டுறது குடுத்தியா?"

"குடுத்தேன்."

"நல்லதாக் குடுத்தியா? வெடிச் சத்தத்துல அவங்க அப்பாவுக்கு ஒரு காது போச்சு."

பணத்தை விசிறிவிட்டு, தோட்டாவையும் துப்பாக்கி உறையையும் எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடிய வேகத்தில் மேலே தொங்கிய மணி அறுந்து விழுந்தது.

அதைத் தாண்டிக்கொண்டு ராய்ஸ் ஓடிவந்தார். சாப்பிடக் கழுத்தில் செருகிய துண்டைக்கூட அவர் எடுக்கவில்லை. "வெர்னா எதுக்குடா இங்க வந்தா?"

"புகார்தான் சார்." டோபின் கடைச் சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். "அவங்க பையனுக்கு நான் துப்பாக்கி வித்தது பிடிக்கல. கத்தினாங்க. அப்புறம் என்னமோ, ரெண்டு பெட்டி தோட்டா வாங்கிட்டுப் போனாங்க."

"வாங்கினாளா? காசு குடுத்தா? நம்மகிட்டயா?"

ராய்ஸ் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பொத்தானைப் போடுடா மடையா. அந்த அக்கரைக் கடையே அவளோடதுதான்!"