புலிக்குப் பானகம்

எனக்கும் தம்பி மாடக்கண்ணுக்கும் பேச்சு நின்று வெகு வருஷம் ஆகிறது. கிணற்றுப் பங்கில் வந்த சண்டை. அவன் சொல் எதையும் நான் நம்பமாட்டேன். தசரா ஊர்வலத்தில் அவன்தான் புலி. நேர்த்திக்கடன் வேஷம் என்பதால், சாயம் பூசிவிட்டால் குளத்தில் கழுவும்வரை வாய் பேசக்கூடாது. புலி நிற்கிற வீட்டில் பானகம் ஊற்றவேண்டும். என் வாசலை மட்டும் அது எப்போதும் தாண்டிப் போய்விடும். இந்த வருஷம் வந்து நின்றது.

“பெரியப்பா, இது ஒங்க தம்பி இல்ல, புலி. தைரியமா ஊத்துங்க” என்று இளித்தான் மேளக்காரன்.

செம்பை எடுத்துவந்து புலியின் வாயில் ஊற்றினேன். மஞ்சள் சாயத்துக்கு அடியில் வெறும் எலும்பாக இருந்தான்.

“ஏலே, ஆஸ்பத்திரியில கெடந்தியாமே. எனக்கு ஒரு வார்த்த சொல்லி விட்டா என்ன?”

புலி பதில் சொல்லக்கூடாது. அது தெரிந்துதான் கேட்டேன். கண்ணிலிருந்து சாயம் கோடாக இறங்கியது. வேர்வையாகவும் இருக்கலாம், வேஷக்காரனை எப்படி நம்புவது?

“கழுவிட்டு வருவியாலே?”

மேளம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. புலி நகரவில்லை.