பூட்டாத கணினி

"மறுபடியும் மாட்டிக்கிட்டியா ஃபப்ரிஸ்? இந்த மாசத்துல இது மூணாவது தடவை!"

சோலாஞ்ச் கைகொட்டிச் சிரித்தாள். வெண்ணெய் மணக்கும் குரோசான் ரொட்டிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, மேசை மேசையாக ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தான் ஃபப்ரிஸ்.

அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம். கணினியைப் பூட்டாமல் எழுந்து போனால் தொலைந்தோம். பக்கத்து ஆள் பாய்ந்து வந்து நம் பெயரிலேயே எல்லாருக்கும் மெயில் தட்டிவிடுவார்: 'நாளைக் காலை அனைவருக்கும் நான் குரோசான் வாங்கி வருகிறேன்.' மெயில் போன பிறகு மறுபேச்சே கிடையாது, வாங்கி வந்துதான் ஆக வேண்டும். மேலாளர் மார்ட்டீனே இரண்டு தடவை மாட்டியிருக்கிறார்.

மாட்டாத ஒரே ஆள் நல்லசிவன். கோயம்புத்தூர் கம்பெனி மூன்று மாத வேலையாகப் பிரெஞ்சு நாட்டுக் கிரனோபிள் நகரத்துப் பம்பு தொழிற்சாலைக்கு அனுப்பிய எஞ்சினியர்.

சும்மா சொல்லக் கூடாது, வந்த முதல் வாரமே இந்த ஜனங்களை அவனுக்குப் பிடித்துப் போயிற்று. காலையில் வந்ததும் ஒருத்தரையும் விடாமல் கைகுலுக்கிவிட்டுத்தான் உட்காருவார்கள். கூட்டத்தில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். பன்னிரண்டு மணி ஆனால் அதே ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சீஸைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே பம்பு என்று வாயைத் திறந்தால் போச்சு, "சாப்பாட்டைக் கெடுக்காதே" என்று நாலு பக்கமும் சத்தம் வரும்.

ஒருநாள் ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தான். மார்ட்டீன் பதறிப்போய், "ஏம்ப்பா சிவா, உனக்கு வேலையை அதிகமாக் கொடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம்..."

"மேடமாவது ஒண்ணாவது! மார்ட்டீன்னு கூப்பிடு. முதல்ல வீட்டுக்குக் கிளம்பு."

இப்படிப்பட்ட இடத்தை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. சனிக்கிழமை விமானம். அவன் வடிவமைத்த பம்பு ஓடப்போவதோ மார்ச்சில். அதுவரை இவனை இருக்கச் சொல்வார்களா, மாட்டார்களா? மார்ட்டீன் வாயே திறக்கவில்லை.

மனைவி பூங்கோதைகூடப் போனில் சொல்லிவிட்டாள். "இருக்கச் சொன்னா இருந்து முடிச்சுட்டே வாங்க. பாதியில வந்து இங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க."

திங்கட்கிழமை அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்மையும் தங்களில் ஒருத்தனாக நினைத்தால் நம் கணினியிலும் கை வைப்பார்கள் அல்லவா? மெயிலைத் திறந்து, திரையை எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனான்.

திரும்பி வந்தால் கணினி பூட்டியிருந்தது. மெயில் எதுவும் போகவில்லை.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

வியாழக்கிழமை காபி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தான். ஃபப்ரிஸ் பூனை மாதிரி வந்தான். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தான். பூட்டிவிட்டுப் போய்விட்டான். யார் எழுந்து போவார்கள் என்று காத்துக்கிடக்கும் ஃபப்ரிஸ்!

"என் கணினியை ஏன் பூட்டின?" நல்லசிவன் நேராகவே கேட்டுவிட்டான்.

ஃபப்ரிஸ் அசடு வழிந்தான். "நீ விருந்தாளி ஆச்சேப்பா. விருந்தாளிகிட்ட நாங்க கை வைக்க மாட்டோம். இங்க அதுதான் முறை."

சுருக்கென்று இருந்தது. மூன்று மாதம் ஒரே மேசையில் சாப்பிட்ட பிறகும் விருந்தாளிதானா? அப்படியென்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்று மத்தியானம் சீஸ்கூட இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. இழுப்பறையைக் காலி செய்தான். ஒவ்வொருவராகப் போய்க் கைகுலுக்கி விடைபெற்றான். சோலாஞ்ச் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "நல்லபடியா இரு" என்றாள். கடைசியாகத் தன் இடத்துக்குக் கிளம்பினான். அடடா, கணினி! இந்தத் தடவை நிஜமாகவே பூட்ட மறந்துபோயிருந்தான்.

அதே நேரம் அறை முழுக்க டிங் டிங் என்று சத்தம். எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். நல்லசிவன் பக்கத்து மேசைத் திரையில் குனிந்து படித்தான். அவன் பெயரிலேயே போயிருந்தது மெயில்:

'திங்கட்கிழமை காலை அனைவருக்கும் நான் குரோசான் வாங்கி வருகிறேன்.'

"யாரு இது?" என்று சிரிக்க முயன்றான். "நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். திங்கட்கிழமை எப்படி வாங்கிட்டு வர்றது?"

"அதெல்லாம் தெரியாது. மெயில் போயாச்சு, மறுபேச்சே கிடையாது" என்றார் மார்ட்டீன், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

நல்லசிவனின் நாற்காலியிலிருந்து ஃபப்ரிஸ் மெதுவாக எழுந்தான். "நாலு நாளா கையைக் கட்டிப்போட்டு வச்சிருந்தேன்ப்பா! நீ திறந்து வச்சுட்டுப் போகப் போக எனக்குக் கை துறுதுறுன்னு வந்துச்சு. அதான் பூட்டிப் பூட்டி வச்சேன். உன்னை மார்ச் வரைக்கும் கேட்டு மார்ட்டீன் எழுதினதுக்கு, உங்க கோயம்புத்தூர்க்காரங்க இன்னைக்கு மத்தியானம்தான் சரின்னாங்க. விருந்தாளிகிட்டதானே கை வைக்கக் கூடாது?"