வளைவில் நிற்கும் கார்

"இந்த வளைவையும் தாண்ட மாட்டேங்குதே!" முருகேஸ்வரி கையிலிருந்த விசையை ஆத்திரத்தோடு அழுத்தினாள். சிவப்புப் பொம்மைக் கார் அசையவே இல்லை. விரலால் தள்ளிவிட்டாள். அடுத்த வளைவில் போய் நின்றது.

வண்டிப்பெரியார் ரிசார்ட்டின் விளையாட்டு அறையில், கட்டில் அகல மேஜை மேல் கிடந்தது அந்தப் பழைய ரேஸ் டிராக். பாதை நடுவே மெல்லிய பள்ளம். பள்ளத்தின் இருபுறமும் மின்சாரம் பாயும் தகடு. காரின் அடியிலுள்ள முள்ளைப் பள்ளத்தில் இறக்கி விசையை அழுத்தினால் கார் பறக்கும். பறக்க வேண்டும்!

பதினோரு மணிக்கு மேனேஜர் வருகிறார். அந்த அறைக்கு இனி ஒரு ஆள் போதும் என்று போன வாரமே சொல்லிவிட்டார். டிராக் ஓடினால் முருகேஸ்வரிக்கு வேலை. ஓடாவிட்டால், வீடியோ கேம் பார்த்துக்கொள்ளும் ஜின்சனுக்கு. மணி இப்போது பத்தே முக்கால்.

அந்த ஜின்சன்தான் மேஜைக்கடியில் படுத்து வயரைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"கரண்டு நல்லா வருதுக்கா. காருக்கடியில கரண்ட இழுக்குற செம்புப் பின்னல் தேஞ்சிருக்குமோ?"

"போன மாசந்தான் மாத்துனேன்."

"தகட்டுல துரு?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சாச்சு."

முந்தாநாள் பூட்டும்போதுகூட ஜோராக ஓடிய கார். நேற்று அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. சாவி ஜின்சனிடம் இருந்தது.

சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி வளைவுப் பள்ளத்தில் நெம்பினாள். மஞ்சளாய்க் காய்ந்த கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அடுத்த வளைவிலும் அதே.

"யாரோ வேணும்னே அடைச்சிருக்காக! ஜின்சன், நீதான?"

எழுந்து வந்து பார்த்த ஜின்சனின் முகம் வெளிறிப்போனது.

"ஆமாக்கா... நான்தான்."

"அடப்பாவி! புள்ளகுட்டிக்காரி வயித்துல அடிக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

வாசலில் ஜீப் நின்றது. ஜின்சன் ஊக்கைப் பிடுங்கி, வளைவு வளைவாக மளமளவென்று சுரண்டித் தள்ளினான். மேனேஜர் உள்ளே நுழையவும் கார் கிளம்பவும் சரியாக இருந்தது. இரண்டு சுற்று, நிற்கவே இல்லை.

"நல்லது. முருகேஸ்வரி இருக்கட்டும். ஜின்சன், நீ நாளைலருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

"மாட்டிக்கிட்டதும் நல்லவன் வேஷமாக்கும்!" முருகேஸ்வரிக்கு இன்னும் ஆறவில்லை.

ஜின்சன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நேத்து ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் வச்சாக. நீங்க வரலன்னு ஒங்க டிராக்க மட்டும் மேனேஜர் விடச் சொல்லிட்டாரு. ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு, மேனேஜர் கண்ணுல படாம நான்தான் பள்ளத்துக்குள்ள வச்சேன். எங்க வீட்டுல ஜெபம் மட்டுந்தான்... எம்புட்டு வைக்கணும்னு தெரியலக்கா."