அளக்க ஏலாத சோறு

மூதூர் இறங்குதுறையில் காலை வெயில் ஏறுகிறது. இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோகத் தடை என்கிறது பலகை. நேற்று இங்கே சோதனையில் ஐந்து கொத்து அரிசியைப் பறிகொடுத்த றுக்கியா, இன்று பெரிய பானையொன்றைச் சோதனை மேசையில் இறக்கி மூடியைத் திறக்கிறாள். குப்பென்று எழும் ஆவியில் உத்தியோகத்தரின் கண்ணாடி மங்குகிறது. “என்ன இது?” “சோறு. திருகோணமலை ஆஸ்பத்திரியில மகள் புள்ள பெத்திருக்கா. அரிசிக்குத்தானே சட்டம்? இதையும் அளந்து பாருங்க.” மேசையில் கிடக்கும், அரிசி அளக்கும் கொத்துப் பாத்திரத்தை எடுத்து அவரிடமே நீட்டுகிறாள். சுடுசோற்றின் மணம் வரிசை முழுதும் பரவுகிறது. கொத்தை வாங்கியவர் பானையைப் பார்த்தபடியே நிற்கிறார். திருகோணமலைக்குப் போகும் லாஞ்சுப் படகு சங்கு ஊதுகிறது. ஒருவரும் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் நிற்கும் தயிர்க்காரர் கதிரவேல், வெயிலில் புளிக்கப்போகும் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைக்கிறார். “முதல்ல அவவின்ர பானை ஏறட்டும். பிறகுதான் நாங்கள்.”