அரக்கியின் முகம்

தணிகாசலத்தின் பதினாறாம் நாள் காரியம். படத்திறப்புக்காகச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. இப்போதெல்லாம் சட்டம் போட்ட போட்டோவை யாரும் திறப்பதில்லை. வீட்டுக் கேமராக்களில் பதிந்து கிடக்கும் வாழ்க்கையைக் கொடுத்தால் இயந்திரமே முழுநீள சினிமா எடுத்துத் தந்துவிடும். குரல் கொடுத்தால் படத்தில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்ப்பார்.

பல்லியைக் கண்டாலே கட்டிலில் ஏறிவிடுகிற தணிகாசலம், திரையில் வாளும் கேடயமுமாகக் குகைக்குள் நுழைந்தார். உள்ளே, தலைமுடியெல்லாம் பாம்புகளாக நெளியும் ஓர் அரக்கி. முகம் மட்டும் அவர் மனைவி சௌந்தரவல்லியுடையது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துக் கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"என்ன தம்பி இது?" என்றாள், படம் போட வந்த பிரதீபனிடம்.

"எல்லாப் படமும் பழைய கிரேக்க வீரன் கதை அச்சுலதாம்மா வரும். வீரன்னா வெட்டுறதுக்கு, பார்த்தவங்களைக் கல்லாக்குற ஒரு அரக்கி வேணும்ல? வீட்டுல யாரு அதிகமா சத்தம் போட்டாங்களோ, அவங்க முகத்தை அதுவே எடுத்துக்கும்."

"அந்தச் சத்தத்துலதான்டா அந்த மனுஷன் இவ்வளவு நாள் உயிரோட இருந்தாரு!"

திரையில் வாள் ஓங்கிவிட்டது. பிரதீபன் பதறிப்போய் நிறுத்தப் போனான்.

"நிறுத்தாத. ஓடட்டும்" என்றவள், கொண்டையை அவிழ்த்து உதறிவிட்டுத் திரைக்கு நேரே போய் நின்றாள். கூட்டம் கல்லாய்ச் சமைந்தது.

"ஏங்க! சுகர் மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

மாவீரர் வாளைக் கீழே போட்டார். திருதிருவென்று விழித்தபடி, கவசத்துக்குள் கையை விட்டுச் சட்டைப்பையைத் துழாவ ஆரம்பித்தார்.